திறந்த மோட்டார் செல்லாது

சிட்லபாக்கம் ஏரிக்கு அருகே குடியிருக்கும் ஒரு கல்லூரி விரிவுரையாளரின் வீட்டு போர்வெல் மோட்டாருக்கு இதுவரை மூன்று முறை, எரிந்த கம்பிச் சுற்றை எடுத்துவிட்டுப் புதிதாகக் காயில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். மூன்று முறையும் குற்றம் மோட்டாருடையது அல்ல, அந்தத் தெருவின் மின்சாரத்துடையது. மூன்றாவது முறை மோட்டாரைத் திரும்ப வாங்கிப் போக வந்தவர், அதை வண்டியில் ஏற்றிய பிறகும் கிளம்பாமல் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் கடை பெருங்களத்தூரில், பெரிய சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. முன்பக்கம் என் கணவர் இருப்பார். வருகிறவர்களிடம் பேசுவது, வீடுகளுக்குப் போய் மோட்டாரை இறக்குவது, மாட்டுவது எல்லாம் அவர். பின்பக்கம், ஒரு பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் நான். காயில் சுற்றும் மெஷின், செம்புக் கம்பிச் சுருள்கள், வார்னிஷ் டப்பா, நான். பத்தாவது முடித்த கையோடு பம்மலில் ஒரு பம்ப்செட் பட்டறையில் காயில் சுற்றப் போனேன். அங்கே அந்த வேலையில் வரிசையாகப் பெண்கள்தான். கல்யாணத்துக்குப் பிறகு அதே வேலையை இங்கே செய்கிறேன். எனக்குப் பேச்சு வராது. வராது என்றால் திக்குவாய் இல்லை. நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் சொல்ல வந்தது உள்ளேயே நின்றுவிடும்.

விரிவுரையாளர் என்னைத்தான் கேட்க வந்திருந்தார். ஆனால் கணவரிடம்தான் கேட்டார்.

"எங்க காலேஜ்ல வருஷா வருஷம் ஸ்கூல் பசங்களுக்கு ரோபோ போட்டி நடத்தறோம். போன தடவை ரெண்டு டீம் மோட்டாரைப் பிரிச்சு உள்ள வைண்டிங்கை மாத்திட்டாங்க. எங்க ஸ்டாஃப் யாராலயும் கண்டுபிடிக்க முடியல. எல்லாரும் பி.இ., எம்.இ. தான். ஆனா ஒரு மோட்டாரைத் திறந்தாங்களா இல்லையான்னு பார்த்துச் சொல்ல ஒருத்தருக்கும் தெரியல. உங்க மிஸஸ் ஒரு நாள் வந்து உக்காந்தா போதும்."

"அவ பேச மாட்டா சார்" என்றார் இவர்.

"பேச வேணாம். சரியா இருந்தா தலையாட்டணும். இல்லன்னா ஆட்டக் கூடாது. அவ்ளோதான்."

"தலையாட்டறதுல எக்ஸ்பர்ட் சார். நான் சொல்றதுக்கு மட்டும்தான் ஆட்ட மாட்டா."

திரைக்குப் பின்னால் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்ல வெளியே போயிருக்க வேண்டும். போவதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்ததிலேயே சம்மதம் என்று ஆகிவிட்டது.

மறுநாள் விரிவுரையாளர் ஒரு தாள் கொடுத்தனுப்பினார். போட்டி விதிகள் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் அளவுக்கு இருக்குமாம். அதில் மோட்டாரைப் பற்றிய பகுதியை மட்டும் எனக்காகத் தமிழில் கையால் எழுதியிருந்தார். அதை வார்னிஷ் டப்பாவுக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு இரண்டு வாரம் படித்தேன். அனுமதித்த மூன்று மாடல் மோட்டார்கள்தான் போடலாம். மோட்டாரின் உடலைத் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் காயில், காந்தம், பிரஷ் எதையும் தொடக் கூடாது. திறந்த மோட்டார் செல்லாது. ஆனால் முன்னால் மாட்டியிருக்கும் கியர் பாக்ஸைத் திறக்கலாம், உடைந்த கியருக்கு அதே மாடல் கியரைப் போடலாம், கிரீஸ் வைக்கலாம். ஒயரை நறுக்கிக்கொள்ளலாம். தயாரித்த கம்பெனியே பழுது பார்த்துக் கொடுத்தால் அது செல்லும். கடைசி வரி எனக்கானது: பரிசோதகர் பார்க்கலாம், சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கலாம், ஆனால் எந்த அணியின் வேலையிலும் கை வைக்கக் கூடாது.

முதலில் எனக்கு அது விசித்திரமாகத்தான் இருந்தது. நாளெல்லாம் மோட்டாரைத் திறந்துதான் நாங்கள் சாப்பிடுகிறோம். திறந்து சரி செய்ததை எப்படிக் குற்றம் என்று சொல்வது? கணவர் போனில் கேட்டுச் சொன்னார். எல்லோருக்கும் ஒரே பலமுள்ள மோட்டார் என்றால்தான் பிள்ளைகளின் யோசனைக்கு மதிப்பு. கம்பியைத் தடிமனாகச் சுற்றினால் யாருடைய மாமா காயில் கடை வைத்திருக்கிறாரோ அந்தப் பிள்ளைதான் ஜெயிக்கும். இது எனக்குப் புரிந்தது. புரிந்ததும் விதிகளின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

போட்டி ஒரு சனிக்கிழமை. காலையில் தாம்பரம் வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கல்லூரியில் பூப்பந்து விளையாடும் உள்ளரங்கத்தில்தான் எல்லாம். நடுவில் மரப்பலகை அடித்த களம், சுற்றி ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மேஜை, கீழே முழுக்க ஒயர். வாசலுக்குப் பக்கத்தில் பரிசோதனை மேஜை. என் கழுத்தில் ஒரு அட்டை மாட்டினார்கள். அதில் ஆங்கிலத்தில் பெரிதாக ஏதோ பதவி போட்டிருந்தது. நான் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். விரிவுரையாளர் அதைப் பார்த்துவிட்டு நேராக்கினார். அவர் அந்தப் பக்கம் போனதும் மறுபடி திருப்பினேன்.

பதினொரு மணிக்குள் எல்லா ரோபோவும் பரிசோதனை முடிந்து பச்சை ஸ்டிக்கர் வாங்க வேண்டும். ஸ்டிக்கர் இல்லாதது களத்தில் இறங்க முடியாது. நான் பார்ப்பேன், தலையாட்டுவேன், பக்கத்தில் அவர் ஸ்டிக்கரை ஒட்டுவார். வேலை சுலபமாகத்தான் இருந்தது. இந்தச் சின்ன மோட்டார்களின் பின்மூடியைத் தகரப் பட்டைகள் மடித்துப் பிடித்திருக்கும். கம்பெனியில் ஒரே அழுத்தில் மடிப்பார்கள். நெம்பித் திறந்து மறுபடி மடித்தால், மடித்த இடத்தில் தகரம் வெளுத்து ஒரு கோடு விழும். கையால் ஊற்றிய வார்னிஷ் என்றால் வாசனையே சொல்லிவிடும். ஒன்பது அணிகள் வந்து போயின. ஒன்பதுக்கும் தலையாட்டினேன். இதற்கா என்னை வரச் சொன்னார்கள் என்று நினைத்தேன்.

பத்தாவதாக அனகாபுத்தூரிலிருந்து வந்த ஒரு பள்ளி. ஐந்து பிள்ளைகள், கூடவே ஒரு டீச்சர். ரோபோவைத் தூக்கி வந்தவள் அணித் தலைவி. பிளஸ் ஒன் படிக்கிற பெண், இரட்டைப் பின்னல், வலது கட்டை விரலில் சால்டரிங் சூடு பட்டுக் காய்ந்த தழும்பு. மற்ற ரோபோக்களைப் போலப் பளபளப்பாக இல்லை. அலுமினியத் துண்டுகளும் கொஞ்சம் பிளைவுட்டும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மோட்டார்.

வலப்பக்க மோட்டார் சுத்தமாக இருந்தது. இடப்பக்க மோட்டாரைக் குனிந்து பார்த்தேன். பின்மூடியின் மடிப்பின் மேல், மிளகளவுக்கு, ஒரு அரக்குச் சிவப்புப் புள்ளி.

அது என் புள்ளி.

காயில் கட்டி முடித்த எந்த மோட்டாரையும் நான் மூடிய பிறகு மடிப்பின் மேலோ ஸ்க்ரூவின் மேலோ ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைப்பேன். பம்மல் பட்டறையில் வந்த பழக்கம். ஆறு மாதத்துக்குள் மோட்டார் எரிந்து திரும்பி வந்தால் முதலில் புள்ளியைத்தான் பார்ப்போம். உடைந்திருந்தால் நடுவில் வேறு யாரோ திறந்திருக்கிறார்கள், பொறுப்பு எங்களுடையது அல்ல. ஒவ்வொரு கடைக்கும் ஒரு நிறம். என்னுடையது அரக்குச் சிவப்பு.

பார்த்ததுமே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. பம்மலில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் ஒருவர் வாரம் ஒரு பை நிறையச் சாமான் கொண்டு வருவார். அவர் கடையில் ரிப்பேருக்கு வருவதையெல்லாம் எங்களிடம்தான் கொடுத்து வாங்குவார். இரண்டு மாதம் முன்பு ஒரு நாள், பைக்கு அடியிலிருந்து இந்தச் சின்ன மோட்டாரை எடுத்துக் காட்டினார். "இன்னாமா, இது பொம்ம சைசுல கீது. ஆவுமா?" என்றார். ஆகும் என்று தலையாட்டினேன். பிரித்துப் பார்த்தால் காயில் கருகியிருந்தது. அதே அளவுக் கம்பி அன்று தீர்ந்து போயிருந்தது. அதற்கு அடுத்த தடிமனை எடுத்து, சுற்றைக் குறைத்துக் கட்டினேன். சுற்றுக் குறைந்தால் வேகம் கூடும். மிக்சிக்கு அப்படிச் செய்து கொடுத்தால் வீட்டுக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். இதையும் பேட்டரியில் கொடுத்துப் பார்த்தபோது விர்ரென்று கிளம்பியது. கடைக்காரர் அடுத்த வாரம் வந்து, "புச்சு மோட்டார விட நல்லா ஓடுதாம்மா" என்றார். எனக்கு அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"இந்த ரெட் டாட் என்ன?" என்று விரிவுரையாளர் கேட்டார். அவர் என்னைக் கேட்கவில்லை, அந்தப் பெண்ணைக் கேட்டார்.

"அது கம்பெனி சீல் சார். மோட்டார் ஒரு தபா எரிஞ்சிடுச்சு. கடைல குடுத்தோம். அவர் கம்பெனிக்கே அனுப்பி ரெடி பண்ணி வாங்கினு வந்தேன்னு சொன்னாரு. சீலு உடையாம கீது பாருங்க."

அவள் பொய் சொல்லவில்லை. கடைக்காரர் அப்படித்தான் சொல்லியிருப்பார். வீட்டில் செய்த முறுக்கையே ஊரிலிருந்து வரவழைத்தது என்று சொல்கிற ஆள் அவர்.

விரிவுரையாளர் புத்தகத்தைப் புரட்டினார். "கம்பெனி சர்வீஸ்னா செல்லும். சீல் இன்டாக்ட்." பச்சை ஸ்டிக்கரை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு என் தலையைப் பார்த்தார்.

என் தலை ஆடவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு என்னென்ன தோன்றியது என்று இப்போது ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை என்பது தோன்றியது. அந்தப் பெண்ணின் கட்டை விரல் தழும்பு கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. ஏற்கெனவே என் தலையாட்டலை வாங்கிப் போன ஒன்பது ரோபோக்களின் பிள்ளைகளும் அதே கூடத்தில்தான் இருந்தார்கள். எரிந்தது அவர்கள் தப்பில்லை, திறந்ததும் அவர்கள் தப்பில்லை. ஆனால் அந்த மோட்டார் மற்றவர்களுடையதை விட வேகமாக ஓடும். எவ்வளவு வேகம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

"என்னம்மா?" என்றார் அவர்.

"சார், அந்தக் கம்பெனி நான்தான்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நான் முன்பு எப்போதோ மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்தேன் போல என்று எடுத்துக்கொண்டு, "ஓ, அப்படியா?" என்று மரியாதையாகச் சிரித்தார். மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. இது என் கடையில் காயில் கட்டியது, அது என் நெயில் பாலிஷ், கம்பி ஒரு அளவு தடிமன், சுற்றுக் குறைவு. 

ஸ்டிக்கரை அவர் மெதுவாகப் பழைய தாளிலேயே திரும்ப ஒட்டினார்.

"அக்கா, நீங்களே செஞ்சீங்க, நீங்களே செல்லாதுன்றீங்க. இது இன்னாக்கா நியாயம்?" என்றாள் அந்தப் பெண்.

"சும்மா இரு" என்றார் டீச்சர். பிறகு விரிவுரையாளரிடம், "சார், பிள்ளைங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அரசுப் பள்ளி சார், புதுசு வாங்கிக் குடுக்கற நிலைமை இல்ல" என்றார்.

"தெரிஞ்சு செஞ்சீங்கன்னு யாரும் சொல்லல டீச்சர். ஆனா இதை மாத்திட்டு, திறக்காத அதே மாடல் போட்டாதான் விட முடியும். பதினொரு மணிக்குள்ள."

"ஒத்த மோட்டார்ல விட்டா?" என்றான் அணியில் ஒரு பையன். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டே திரிபவன். ரோபோவுக்குப் புரோகிராம் எழுதுவது அவன்தான்.

"ஒத்த மோட்டார்ல விட்டா கோயில் சுத்தற மாதிரி நின்ன எடத்துலயே சுத்தினு இருக்கும். போய் உண்டியல் வைடா" என்றாள் அவள்.

விரிவுரையாளர் மைக்கில் கேட்டார். யாரிடமாவது அந்த மாடல் உபரியாக இருக்கிறதா என்று. இரண்டு மூன்று அணிகள் தங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தன. ஆனால் எல்லாம் புது மாடல்கள். பழைய மாடல் வைத்திருந்தது இவர்கள் மட்டும்தான். யாரோ பயன்படுத்திவிட்டு இவர்கள் பள்ளிக்குக் கொடுத்த சாமானாம்.

மணி பத்து இருபது. அவர்கள் ரோபோவைத் தூக்கிக்கொண்டு தங்கள் மேஜைக்குப் போய்விட்டார்கள். அந்தப் பெண் ஸ்பேனர்களைப் பையில் போட்டுக் கட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாக, நிதானமாக, தேவைக்கு மேல் நிதானமாக.

நான் பதினோராவது அணிக்குத் தலையாட்டினேன். பன்னிரண்டாவதும் ஆயிற்று. பிறகு வரிசையில் யாரும் இல்லை. எழுந்து அவர்கள் மேஜைக்குப் போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் போனேன். மேஜைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருந்தது. உடைந்த சக்கரம், ஒயர்த் துண்டுகள், அவற்றுக்கு நடுவே அதே மாடலில் இன்னொரு மோட்டார். புள்ளி இல்லாதது.

"அது?" என்றேன்.

"அது செத்துப் போச்சு" என்றாள், நிமிராமல். "கரெண்டு குடுத்தா சத்தம் வரும், சுத்தாது. அதையும் கம்பெனி எடுத்துக்குமா?"

"குடுத்துக் காட்டு."

அவள் ஒயரைப் பேட்டரியில் வைத்தாள். மோட்டார் உள்ளே ஒரே சீராக ஓடியது. வெளியே தண்டு மட்டும் நடுங்கிக்கொண்டு நின்றது. எனக்கு அந்தச் சத்தம் போதும். காயில் நன்றாக இருக்கிறது, போயிருப்பது கியர். மோட்டாரைத் திறக்கவே வேண்டாம். முன்னால் இருக்கும் கியர் பாக்ஸை மட்டும் திறந்து, என் புள்ளி வைத்த மோட்டாரின் கியர் பாக்ஸிலிருந்து ஒரு கியரை எடுத்து இதில் போட்டால் போதும். சுவரில் ஒட்டிய தாளில் இருந்த வரிதான் அது.

என் கை தானாக அந்த மோட்டாருக்கு நீண்டது. "தொடாதீங்க" என்று பின்னாலிருந்து விரிவுரையாளரின் குரல் வந்தது. கையை இழுத்துக்கொண்டேன். நான் நினைத்ததை அவரிடம் மெல்லச் சொன்னேன்.

"ரூல்படி செய்யலாம். ஆனா செய்ய வேண்டியது அவங்க. நீங்க கை வெச்சா டீமே அவுட்."

"வாயால சொல்லலாமா சார்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சொல்லலாம். ஆனா எல்லா டீமுக்கும் கேக்கற மாதிரி சத்தமாச் சொல்லணும். காதுல சொன்னா அது அவங்களுக்கு மட்டும் செய்யற உதவி. எல்லாரும் கேட்டா அது விளக்கம்."

அவர் நியாயத்துக்குத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் இது நாலு பேர் இல்லை. கூடத்தில் நூறு பேராவது இருந்திருப்பார்கள். அவர் மைக்கில் ஒரு வரி சொன்னதும் பக்கத்து மேஜைகளிலிருந்து பிள்ளைகள் வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். நான் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டேன்.

இத்தனை வருடமாகச் செய்கிற வேலைக்கு என்னிடம் வார்த்தைகளே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கடையில் நான் யாருக்கும் எதையும் சொன்னதில்லை. கைதான் போய்க்கொண்டிருக்கும். இப்போது "அதை எடு" என்றால் எதை என்று கேட்கிறாள். "அந்தப் பக்கத்து ஸ்க்ரூ" என்றால் எந்தப் பக்கம் என்கிறாள்.

"லெஃப்ட் பக்கம்."

"யாரு லெஃப்ட்டு? உங்க லெஃப்ட்டா, என் லெஃப்ட்டா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அவளுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். மேஜையைச் சுற்றிப் போய் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். அதன் பிறகு இரண்டு பேருக்கும் ஒரே இடது, ஒரே வலது. அவள் முகம் தெரியாததால் எனக்குப் பேசவும் கொஞ்சம் எளிதாயிற்று.

முதலில் செத்துப் போனதைத் திறக்கச் சொன்னேன். நாலு ஸ்க்ரூ. மூடியைத் தூக்கும்போது திருப்பக் கூடாது, நேராக மேலே. உள்ளே கறுத்த கிரீஸில் நாலு கியர்கள். மூன்று இரும்பு, ஒன்று வெள்ளைப் பிளாஸ்டிக். வெள்ளையில் நாலைந்து பற்கள் மழுங்கி ஒரு பக்கம் வழவழவென்று இருந்தது.

"பல்லு போன கெயவி" என்றான் லேப்டாப் பையன்.

"நீ உன் வாய மூடு. இல்ல அடுத்தது உன் பல்லு."

மழுங்கியதை எடுத்துச் செய்தித்தாளில் வைக்கச் சொன்னேன். உடைந்த துணுக்குகளைக் குச்சியில் பஞ்சு சுற்றி எடுக்கச் சொன்னேன். ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. பிறகு என் புள்ளி வைத்த மோட்டாரின் கியர் பாக்ஸ். அதில் வெள்ளை கியர் முழுதாக இருந்தது. அவள் அதைக் கிள்ளி எடுத்து இதில் உட்கார வைத்தாள். மூடினாள். ஸ்க்ரூவை முடுக்கினாள். பேட்டரியைக் கொடுத்தால் தண்டு ஒரு சுற்று சுற்றி, இறுகி நின்றுவிட்டது.

மணி பத்து நாற்பத்தேழு.

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.  

நான் கண்ணை மூடிக்கொண்டு, என் கடை மேஜையில் அதைத் திறந்தால் என் விரல்கள் என்ன செய்யும் என்று வரிசையாக நினைத்துப் பார்த்தேன். மூடியை எடுக்கும். வெள்ளை கியரை எடுக்கும். அதற்கு முன்னால் சுண்டு விரல் நகம் ஒன்று செய்யும். ஒரு மெல்லிய வாஷரை நெம்பித் தனியாக வைக்கும்.

"வாஷர்" என்றேன். "வெள்ளை கியருக்கு மேல காகிதம் மாதிரி ஒரு வாஷர் இருக்கணும். எங்க?"

மேஜையில் இல்லை. செய்தித்தாளில் இல்லை. நாலு பேர் தரையில் மண்டியிட்டுத் தேடினார்கள். பக்கத்து அணியின் ஒரு பையன் செல்போன் வெளிச்சத்தைக் காட்டினான்.

"கீழ தேடாதீங்க. கிரீஸ்ல ஒட்டிக்கினு மூடியோட போயிருக்கும். மூடியத் திருப்பிப் பாருங்க" என்றேன். இதைச் சொன்ன குரல் எனக்கே புதிதாக இருந்தது. கூடத்தின் அந்தக் கோடி வரை கேட்டிருக்கும்.

ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திருப்பியதும், அதன் உள்பக்கத்தில், கிரீஸுக்குள், அது இருந்தது. அவள் நகத்தால் எடுத்து வைத்தாள். மறுபடி மூடினாள். தண்டு ஓடியது. நிற்காமல் ஓடியது. யாரும் கை தட்டவில்லை. அதற்கு நேரமில்லை. மோட்டாரை ரோபோவில் மாட்டி, ஒயரைச் சேர்த்து, பரிசோதனை மேஜைக்குத் தூக்கி வந்தபோது பதினொன்றாக நாலு நிமிடம் இருந்தது. பின்மூடியின் மடிப்பைப் பார்த்தேன். வெளுத்த கோடு இல்லை, புள்ளி இல்லை, என் வார்னிஷ் வாசனை இல்லை. தலையாட்டினேன். விரிவுரையாளர் ஸ்டிக்கரை ஒட்டினார்.

அவர்களுடைய முதல் ஆட்டத்தைக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். விசில் ஊதியதும் ரோபோ கிளம்பியது. கிளம்பி, இடப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போய்ப் பலகையில் முட்டிக்கொண்டு நின்றது. பின்னால் இழுத்தார்கள். மறுபடி இடப்பக்கம். ஆட்டம் முடியும் வரை அதைச் சுவரிலிருந்து பிரிப்பதே வேலையாக இருந்தது. தோற்றார்கள். கியரில் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

லேப்டாப் பையன்தான் கண்டுபிடித்தான். "இன்னாடி, அந்தப் பழைய மோட்டாரு எப்பவும் துள்ளினு முன்னாடி போவும்ல? வண்டி வலது பக்கம் இழுக்குதுன்னு நான்தான் புரோகிராம்ல லெஃப்ட்டைக் கொறச்சு வெச்சேன். இப்ப இது ஒழுங்கா ஓடுற மோட்டாரு. கொறச்சது கொறச்ச மாதிரியே கீது."

இரண்டு மாதமாக என் கம்பியின் வேகத்தை அந்தப் பையன் தன் கணக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான். அது அவனுக்குத் தெரியாது, அப்படி ஒருவன் இருப்பது எனக்குத் தெரியாது.

அதை மாற்றிவிட்டு இறங்கிய இரண்டாவது ஆட்டத்தில் ரோபோ கோடு போட்டது போல நேராகப் போனது. அந்த ஆட்டத்தையும் அதற்கு அடுத்ததையும் ஜெயித்தார்கள். நாலாவதில் குரோம்பேட்டையிலிருந்து வந்த ஒரு பள்ளியிடம் தோற்று வெளியே வந்தார்கள். அது நல்ல ரோபோ. அதன் மோட்டார்களையும் நான்தான் பார்த்திருந்தேன். அதனால் அந்தத் தோல்வியில் எனக்கு வருத்தம் இருந்தது, சந்தேகம் இல்லை.

நாலு மணிக்குக் கிளம்பும் முன் அவர்கள் மேஜைக்குப் போனேன். டீச்சர் டிபன் பாக்ஸிலிருந்து எலுமிச்சை சாதம் எடுத்து மூடியில் வைத்துக் கொடுத்தார். நின்றுகொண்டே சாப்பிட்டேன். அந்தப் பெண் என் புள்ளி வைத்த மோட்டாரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"குடு. கொண்டு போய் ஒழுங்கான கம்பி போட்டுத் தரேன்" என்றேன்.

"ஒண்ணும் வாணாம். மறுபடியும் தொறப்பீங்க. அதான் செல்லாதே."

"செல்லாதுதான். கியரும் இல்ல. அப்ப இதை என்ன பண்ணுவே?"

"கியரு டீச்சர்கிட்ட சொல்லி எங்கயாச்சும் தேடுவோம். ஸ்கூல்ல பிராக்டிஸுக்கு ஓட்டுவோம். இதான்க்கா எங்ககிட்ட இருக்கறதுலயே வேகமா ஓடறது." பிறகு மோட்டாரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "நீங்க ஏன் அப்பவே சொல்லணும்? சும்மா தலையாட்டியிருக்கலாமில்ல?" என்றாள்.

 யோசித்துப் பார்த்து, "வேகமா ஓடும்னு எனக்குத் தெரியுமே" என்றேன்.

அவள் பையிலிருந்து மாஸ்கிங் டேப்பை எடுத்து ஒரு துண்டு கிழித்து மோட்டாரின் முதுகில் ஒட்டினாள். மார்க்கரால் அதன் மேல் 'திறந்தது' என்று எழுதினாள். எழுத்து கோணலாக இருந்தது. ஆனால் வேறு எந்த மோட்டாருடனும் சேர்ந்து போய்விடாத அளவுக்குப் பெரிதாக இருந்தது.